முள் காட்டிய பக்கம்

ஜனவரி 6, திங்கள்

முடுக்கி ஆய்வுக்கூடம் இருக்கிற வடக்கத்தி ஊருக்கு வந்து சேர்ந்தாயிற்று. இந்த ஊர்க் குளிரைப் பற்றி எல்லாரும் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் சொன்னவர்கள் யாரும் ஸ்வெட்டர் கொடுத்து அனுப்பவில்லை.

இலக்குத் தகட்டை டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். விமானத்தில் எடுத்துப் போனால் சோதனையில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று எங்கள் குழுத் தலைவர் கோதண்டராமன் சார் சொன்னார். அதனால் எனக்கு ரயில். டாக்டர் சந்திரமௌலிக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. கையை வீசிக்கொண்டு விமானத்தில் வந்து இறங்கிவிட்டார். என்னிடம் கடோலினியம் என்ற உலோகத்தைத் தகடாக உருட்டக் கற்றுக்கொண்ட பையன்தான். இப்போது உதவிப் பேராசிரியர். நான் பதினோரு வருஷமாக ஒப்பந்த ஆராய்ச்சியாளர். இரண்டு பேருக்கும் ஒரே விருந்தினர் விடுதிதான், ஆனால் ஹீட்டர் அவர் அறையில் மட்டும் வேலை செய்கிறது.

"அக்கா, தகடு பத்திரமா?" என்று வாசலிலேயே கேட்டார். நான் பத்திரமா என்று அவர் கேட்கவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, அம்புட்டுத் தூரம் போயி என்னதான் செய்யுத?"

பொறுமையாகச் சொன்னேன். முடுக்கியிலிருந்து வேகமாக வரும் அயனிகள் எங்கள் தகட்டில் மோதும். மோதியதில் ஓர் அணுக்கரு கிளர்ச்சியடைந்து பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே கடோலினியத்துக்குள் ஓடும். ஓடுகிற அந்த நேரத்துக்கு மட்டும் அதற்கு ஒரு பெரிய காந்தப் புலம் கிடைக்கும். உலகத்தில் எந்த ஆய்வகத்திலும் அவ்வளவு பெரிய காந்தம் செய்ய முடியாது. கரு நின்றுவிட்டால் புலமும் போய்விடும். அந்தக் கண நேரப் புலம் பம்பரத்தைத் துளி திருப்பும். எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

"திருப்பிப் பாத்து யாருக்கு என்ன லாவம்?"

"தெரியலம்மா."

"வேல நெரந்தரமாவுமா?"

அதுவும் தெரியவில்லை என்றேன். ஆனால் அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதலாம். ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். முதல் பெயர் என்னுடையதாக ஒரு கட்டுரையாவது வேண்டும் என்கிறார்கள். பதினோரு வருஷத்தில் என் பெயர் இரண்டாவதாக வந்திருக்கிறது, ஐந்தாவதாக வந்திருக்கிறது, ஒரு தடவை நன்றியுரையில் வந்திருக்கிறது. முதலாவதாக வந்ததில்லை. இந்தத் தகட்டுக்காக ஆறு வருஷம் உருளையோடு மல்லுக்கட்டினேன். ஊசி முனை ஓட்டை விழுந்த தகடுகளை மட்டும் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரை என்னுடையது என்று சார் போன வருஷம் தன் வாயாலேயே சொன்னார்.

ஜனவரி 8, புதன்

மதியச் சாப்பாட்டில் சார் ஆரம்பித்தார். இரண்டு ரொட்டி உள்ளே போன பிறகுதான் ஆரம்பித்தார், அந்த மரியாதைக்குக் குறைவில்லை.

"வடிவு, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதே. பேப்பர்ல மௌலி பேரை முதல்ல போட்டுடலாம்னு பார்க்கறேன்."

சந்திரமௌலி பருப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அவனுக்குப் ப்ரமோஷன் வருது. நான் ஜூன்ல போயிடுவேன். நான் போனப்புறம் உன் கான்ட்ராக்டை யாரு நீட்டிப்பா? இவன்தான். இவன் நல்லா இருந்தா உனக்கும் நல்லதுதானேம்மா."

"சரி சார்" என்றேன்.

"சாப்பிட்டியா? இன்னொரு ரொட்டி வாங்கிக்கோ."

இதுதான் சார். தலையைத் தட்டிப் பறித்துக்கொண்டு, சாப்பிட்டியா என்று கேட்பார். பதினோரு வருஷமாக ஒவ்வொரு போன் பேச்சையும் இந்தக் கேள்வியில்தான் முடிக்கிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில் நான் மட்டும். காந்தத்தைச் சோதித்தேன். சாரின் குழுவில் இது ஒரு சடங்கு. தகட்டைக் காந்தமாக்கும் மின்காந்தத்தின் பெட்டியில் ‘மேல்’, ‘கீழ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய சுவிட்ச் இருக்கும். எல்லா ஊரிலும் ஸ்டிக்கரை நம்பிவிடுவார்கள். சார் நம்பமாட்டார். கொஞ்சமாகக் கரண்ட் விட்டு, இடைவெளிக்குள் ஒரு காம்பஸைச் செங்குத்தாகப் பிடித்து, முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பார்த்தவர் உரக்க "மேல!" என்று சொல்ல வேண்டும், மற்றவர் எழுதிக்கொள்ள வேண்டும்.

சுவிட்சை ‘மேல்’ பக்கம் போட்டேன். முள் கீழே நின்றது.

காம்பஸ் கெட்டுப்போயிருக்குமோ என்று புல்வெளிக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். வடக்கைச் சரியாகத்தான் காட்டியது. திரும்ப வந்து பிடித்தேன். கீழேதான். பெட்டியைச் சுற்றிப் பார்த்ததில் காந்தத்தின் சுருளுக்குப் புதுக் கம்பி சுற்றியிருப்பது தெரிந்தது. யாரோ பழுது பார்த்துவிட்டு ஒயரை இடம் மாற்றி இணைத்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் பழையது.

இன்டர்காமில் சார் கூப்பிட்டார். "காம்பஸ் ஆச்சாம்மா?"

"ஆச்சு சார்."

அவசரத்தில் இருந்தார், வைத்துவிட்டார். இரவு உணவின்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 9, வியாழன்

நேற்று இரவு உணவுக்குப் போகவில்லை. தலைவலி.

காலையில் அயனிக் கற்றை வந்தது. என் வேலை திரவ நைட்ரஜன் ஊற்றுவது. கடோலினியம் குளிர்ந்திருந்தால்தான் காந்தமாக இருக்கும். எங்கள் ஊர் வெயிலில் அது வெறும் தகரம். ஊற்றுகிற சத்தத்தில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது, அது ஒரு வசதி.

எந்தப் பரிசோதனைக்கும் முன்னால், விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு கருவை வைத்து ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்ப்போம். தெரிந்த விடை வந்தால் நம் கருவிகள் சரி. சந்திரமௌலி அது வேண்டாம் என்றார்.

"டைம் இல்லக்கா. பாதி நாள் அதுலயே போயிடும். நீங்கதான் எல்லாம் செக் பண்ணிட்டீங்களே."

சார் என் முகத்தைப் பார்த்தார். "என்ன வடிவு, விட்டுடலாமா?"

"உங்க இஷ்டம் சார்" என்றேன். அவர்கள் இஷ்டம்தானே எல்லாம். பெயர் யாருடையதோ, முடிவும் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

இங்கே வந்து வாங்கிய ஸ்வெட்டரைத் துவைத்துப் போட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

சுவிட்ச் மேல், எண்ணு. சுவிட்ச் கீழ், எண்ணு. தகட்டைச் சுற்றி நான்கு டிடெக்டர்கள் காமாக் கதிர்களைப் பிடிக்கின்றன. மேலுக்கும் கீழுக்கும் உள்ள சின்ன வித்தியாசம்தான் எங்கள் மொத்தப் பிழைப்பும். ஓட்டைப் பேருந்தில் நின்றுகொண்டு எடை போடுகிற மாதிரி, நடுங்குகிற முள்ளில் துளி சாய்வைத் தேட வேண்டும்.

சாரிடம் ஸ்டிக்கர் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அவரைச் சுற்றி எப்போதும் ஆள் இருந்தது. பிறகு திசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் போயிற்று, கணக்கில் ஒரு கழித்தல் குறி. எப்போது சொன்னாலும் ஒன்றுதான்.

ஜனவரி 11, சனி

இன்று சார் அழுதார்.

மத்தியானம் சந்திரமௌலி கணக்குப் போட்டு முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். "சார்... மைனஸ் வருது சார்."

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கதை வேண்டும். கரு ஒரு பக்கம் திரும்பினால் அதன் சுழற்சியைப் புரோட்டான்கள் நடத்துகின்றன என்று அர்த்தம், மறுபக்கம் திரும்பினால் நியூட்ரான்கள். எங்கள் கருவில் புரோட்டான்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சார் இளைஞராக இருந்தபோது, இல்லை, நியூட்ரான்தான், குறி எதிர்மறையாக வரும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு ஒரு கருத்தரங்கில் வாசித்தார். மேடையிலேயே சிரித்தார்களாம். பெரியவர் ஒருவர், தம்பி, முதலில் கூட்டல் கழித்தல் படித்துவிட்டு வா என்றாராம். சார் அதன் பிறகு அந்தக் கணக்கைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஆனால் இந்தக் கருவைத்தான் அளக்க வேண்டும் என்று கமிட்டிகளில் வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தார்.

திரையின் பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். "மைனஸ்தானா? நல்லாப் பாருடா." பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வேட்டி நுனி இல்லாததால் ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மனைவிக்குப் போன் போட்டார். "பார்வதி, நான் சொன்னேன்ல. மைனஸ். ஆமா. மைனஸ்."

நான் நைட்ரஜன் ஊற்றப் போய்விட்டேன். பாத்திரம் ஏறக்குறைய நிறைந்துதான் இருந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

ஸ்வெட்டர் இன்னும் காயவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கற்றை நேற்றோடு முடிந்தது. விடுதிச் சமையற்காரருக்குப் பொங்கல் என்றால் என்னவென்றே தெரியவில்லை. சார் எங்கிருந்தோ ஒரு ரைஸ் குக்கரும் வெல்லமும் வாங்கி வந்து, தன் அறையில் தானே வைத்தார். பொங்குவதைப் பார்க்கவேண்டும் என்று மூடியைத் திறந்தே வைத்திருந்தார். பாதி தரையில் பொங்கியது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். முதல் கரண்டியை எனக்குத்தான் போட்டார்.

"வடிவு, உன் தகடு இல்லன்னா இது கிடையாது. முப்பது வருஷத்துல இப்படி ஒரு தகடு நான் பார்த்ததில்லை."

சந்திரமௌலி வர நேரமாகும். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். சுற்றி ஆள் இல்லை.

"சார்" என்றேன்.

"சொல்லும்மா."

வாயில் வெல்லம் இனித்தது. இந்த மனுஷருக்கு நான் மகள் மாதிரி என்று ஊரெல்லாம் சொல்வார். மகளுக்குத் தருவதாகச் சொன்னதை எடுத்து மருமகனுக்குக் கொடுக்கிற மாதிரி சந்திரமௌலிக்குக் கொடுத்துவிட்டு, மகளுக்கு முதல் கரண்டி பொங்கல். எனக்குக் கோபம். வேறொன்றும் இல்லை.

"பேர் விஷயம் சார். இப்பவும் அப்படியேதானா?"

அவர் கரண்டியை வைத்தார். "அதான் பேசிட்டோமேம்மா."

"சரி சார். பொங்கல் நல்லா இருக்கு."

பெயரைக் கொடுத்திருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். கொடுக்காதவர் அவர்.

பிப்ரவரி 12, புதன்

கட்டுரை வரைவு வந்தது. ச. சந்திரமௌலி, கு. கோதண்டராமன், சு. வடிவாம்பாள். மூன்று பேரில் மூன்றாவது. தகடு தயாரித்த முறை பற்றிய பத்தியைத் திருத்தித் தரச் சொல்லியிருந்தார்கள். அதில் மூன்று பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். காந்தப் புலத்தின் திசை சரிபார்க்கப்பட்டது என்ற வரியில் பிழை எதுவும் இல்லை. சரிபார்க்கப்பட்டதுதான்.

பத்திரிகை ஒரே மாதத்தில் ஏற்றுக்கொள்ளும் என்கிறார் சந்திரமௌலி. எனக்கு இனிப்புக் கொடுத்தார். "அக்கா, நீங்க இல்லன்னா ஒண்ணுமே நடந்திருக்காதுக்கா." உண்மைதான் என்றேன்.

மார்ச் 20, வியாழன்

கருத்தரங்கம். சார் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார், மடிப்பு கலையாமல். சந்திரமௌலியைப் பேசவிடாமல் அவரே மேடையேறினார். அரங்கு நிறைந்திருந்தது. அன்று சிரித்தவர்களில் இருவர் இன்னும் உயிரோடு முன்வரிசையில் இருந்தார்கள். இன்று யாரும் சிரிக்கவில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் விஞ்ஞானி எழுந்தார். எரிச்சல் இல்லாமல், நியாயமாகத்தான் கேட்டார். "விடை தெரிந்த கருவை வைத்து ஓட்டிப் பார்க்கவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் புலத்தின் திசையை எப்படி உறுதி செய்தீர்கள்?"

சார் மேடையிலிருந்து என்னைக் கையால் காட்டினார். அரங்கமே திரும்பிப் பார்த்தது.

"அதோ உட்கார்ந்திருக்காங்களே, எங்க வடிவு. அவங்க காம்பஸ் வெச்சுப் பார்த்திருக்காங்க. என் கண்ணை நான் சந்தேகப்படுவேன், அவங்க கண்ணைச் சந்தேகப்பட மாட்டேன்."

நான் தலையாட்டினேன். கை தட்டினார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு கூட்டத்தின் நடுவில் அவர் என் பெயரைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

கழுத்தில் இப்போதும் வலி இருக்கிறது. ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

மே 9, வெள்ளி

வேறொரு நாட்டுக் குழு இதே கருவை அளந்திருக்கிறது. குறி நேர்மறை. அளவு எங்களுடையதேதான், அச்சு அசல். குறி மட்டும் மறுபக்கம்.

சார் போன் செய்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"வடிவு, ஒரே ஒரு விஷயம் ஞாபகப்படுத்திச் சொல்லு. அன்னிக்கு நீ பார்த்தப்போ, ஸ்விட்ச் மேல் பக்கம் இருந்தப்போ, முள் எங்க நின்னுது?"

ஜன்னலுக்கு வெளியே கொடியில் என் ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் அதை எதற்குத் துவைத்தேன் என்று தெரியவில்லை.

"மேல சார்."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார்."

"அப்போ அவங்கதான் தப்பு பண்ணியிருக்கணும்" என்றார். பெருமூச்சு விட்டார். "சரிம்மா. சாப்பிட்டியா?"

மே 19, திங்கள்

சார் வடக்கே போயிருக்கிறார் என்று பார்வதி அம்மா சொன்னார். இந்த வயதில், இந்தக் கோடையில், ரயிலில். காம்பஸை எடுத்துக்கொண்டு போனாராம்.

மே 20, செவ்வாய்

போன் வரவில்லை.

மே 24, சனி

போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். அலமாரிக்குப் பின்னால் கூடத் துடைத்தேன்.

ஜூன் 30, திங்கள்

சாருக்குப் பிரிவு உபசார விழா. மாலை, சால்வை, ஒரு குத்துவிளக்கு. துறைத் தலைவர் பேசும்போது எல்லாவற்றையும் தொட்டார், கட்டுரையை மட்டும் தொடவில்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பத்திரிகைக்குச் சாரே எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டார். காந்தம் போன செப்டம்பரில் பழுது பார்க்கப்பட்டது, இணைப்பு மாறியது, திசையைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பு தன்னுடையது, தவறும் தன்னுடையது என்று எழுதியிருக்கிறார். என் பெயர் அதில் எங்கும் இல்லை.

கருத்தரங்கில் முன்வரிசையில் இருந்தவர்கள் இனி நிம்மதியாகச் சிரிக்கலாம்.

சந்திரமௌலி வாசலில் பிடித்துக்கொண்டார். ப்ரமோஷன் நின்றுவிட்டது. "அக்கா, நீங்க பார்த்தேன்னு சொன்னீங்களேக்கா. எப்படிக்கா மாறிச்சு?" முகம் வெளுத்திருந்தது. அந்த முகத்தைப் பார்க்க ஆறு மாதமாக ஆசைப்பட்டேன் என்று எழுதினால் அது பொய் இல்லை. ஆனால் பார்த்தபோது ஒன்றும் இல்லை. பசிக்கிற நேரம் தாண்டிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சார் மாலையோடு என்னைக் கடந்து போனார். தலையசைத்தார். இளைத்திருந்தார். நான் யாரையும் ஏமாற்றவில்லை. அன்றைக்கே ஒருமுறை தனியாக உட்காரவைத்து ஒழுங்காகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூலை 11, வெள்ளி

மதியம் மின்னஞ்சலில் சாரிடமிருந்து ஒரு கட்டுரை வந்தது. பத்திரிகை ஏற்றுக்கொண்டுவிட்டதாம். சரியான குறியுடன் எங்கள் அளவீடு. இரண்டு பக்கம். உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த விடை என்பதால் யாரும் படிக்கப்போவதில்லை. என் தகட்டைப் பற்றிய பத்தி முழுசாக இருந்தது, நான் திருத்திய வார்த்தைகளோடு.

தலைப்புக்குக் கீழே பெயர்கள். சு. வடிவாம்பாள். அதற்குப் பிறகு ச. சந்திரமௌலி. கோதண்டராமன் என்ற பெயரே இல்லை.

பல தடவை பார்த்தேன். முதல் பெயர். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பிள்ளை மாதிரி விரலால் திரையில் தடவிக்கூடப் பார்த்தேன். அடுத்த வாரம் அந்தப் பல்கலைக்கழகத்தில் நேர்காணல். இந்தக் கட்டுரையின் பிரதியைக் கொண்டுபோகலாம். குறி ஏன் மாறியது என்று கேட்பார்கள். நான்தான் முதல் ஆசிரியர், நான்தான் சொல்லவேண்டும்.

சாருக்குப் போன் செய்தேன். மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவை.

"சார், பேர்... உங்க பேரே இல்லையே சார். எதுக்கு சார் என் பேரை முதல்ல போட்டீங்க?"

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பார்வதி அம்மா யாரிடமோ பேசுவது கேட்டது. டிவியைக் குறைத்துவிட்டு வந்தார்.

"அந்த ஊர் மெக்கானிக் சொன்னான், செப்டம்பர்ல ஒயரை மாத்தினதை. அப்போ ஜனவரில முள் மேல நின்னிருக்க வழியே இல்லையேம்மா. நீ பார்க்காம விட்டிருப்பியோன்னு ரயில்ல வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். இல்ல. வடிவு பார்க்காம விடமாட்டா. அது எனக்குத் தெரியும்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சரியான திசை முதல்ல தெரிஞ்சது உனக்குத்தான். அதான் முதல் பேரு உனக்கு."

கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், என் பக்கமும் இருக்கிறது. ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே அவர் என் பெயரை எடுத்ததை, ரயிலை, ஹீட்டரை எல்லாம் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் பொங்கல் வைத்த குக்கர்தான் ஞாபகம் வந்தது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பொங்குவதைப் பார்க்க அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

"சரிம்மா, வெச்சுடறேன்" என்றார். பழக்கம் விடவில்லை. "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சார்" என்றேன்.

அதுவும் பொய்.